சொல் வரம்பும் வாக்கிய முழுமையும்: தமிழ் ஆய்வுச் சுருக்கங்களை எக்ஸ்எஸ்எல்டி வழி வெட்டுதல் குறித்து

ஆய்வுச் சுருக்கம்

மின்னிதழ்களும் நூலகப் பட்டியல்களும் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைக் குறிப்பிட்ட சொல் எண்ணிக்கைக்குள் அடக்கிக் காட்டுகின்றன. இவ்வடக்கத்தைப் பெரும்பாலும் பொறியே செய்கிறது. பயனிலை இறுதியில் நிற்கும் தமிழில், வாக்கியத்தின் நடுவில் விழும் வெட்டு பொருளைக் குறைப்பதோடு நில்லாமல் அதனைத் தலைகீழாகவும் மாற்றிவிடக்கூடும். ஆதலால் சுருக்கத்தை முழு வாக்கியங்களாகவே வெட்டுதல் வேண்டும் என்பதும், வாக்கியம் எங்கே முடிகிறது என்பதைப் பொறியின் ஊகத்துக்கு விடாமல் பதிப்பாசிரியரே எக்ஸ்எம்எல் ஆவணத்தில் குறித்துவைத்தல் வேண்டும் என்பதும், எக்ஸ்எஸ்எல்டி எண்ணும் பணியை மட்டுமே ஏற்றல் வேண்டும் என்பதும் இக்கருத்துரையின் நிலைப்பாடுகளாகும்.

திறவுச்சொற்கள்: ஆய்வுச் சுருக்கம், வாக்கிய எல்லை, பயனிலை, சொல் எண்ணிக்கை, எக்ஸ்எம்எல், எக்ஸ்எஸ்எல்டி, மின்பதிப்பு.

1. முன்னுரை

ஆய்விதழ்கள் அச்சில் மட்டும் வெளிவந்த காலத்தில் கட்டுரைச் சுருக்கத்தின் நீளத்தைத் தாளின் இடம் முடிவு செய்தது. இடம் போதாதபோது பதிப்பாசிரியர் ஒரு வாக்கியத்தை நீக்கினார். அல்லது இரண்டை ஒன்றாக்கினார். எதை நீக்குவது என்பதைப் படித்துப் பார்த்த ஒருவரே தீர்மானித்தார். இன்று அதே சுருக்கம் கட்டுரையின் முகப்பில் இருநூறு சொற்களாகவும், இதழின் உள்ளடக்கப் பக்கத்தில் ஐம்பது சொற்களாகவும், தேடல் முடிவுகளில் இரண்டு வரிகளாகவும் காட்டப்பெறலாம். இடத்துக்கு ஏற்ப வெட்டும் வேறுபடுகிறது. அவ்வெட்டுகளைச் செய்வது ஒரு நிரல். வெட்டுண்ட பகுதி எவ்வாறு படிக்கப்படும் என்பதை அந்நிரல் அறியாது.

இப்பணிக்குப் பயன்படும் கருவிகளுள் எக்ஸ்எஸ்எல்டி முதன்மையானது. எக்ஸ்எம்எல் முறையில் குறியிடப்பெற்ற ஆவணத்தை வேறொரு வடிவுக்கு மாற்றித்தரும் மொழி இது. 1998இல் எக்ஸ்எம்எல் பரிந்துரையாக வெளிவந்தது. அதனை அடுத்து எக்ஸ்எஸ்எல்டியின் முதற்பதிப்பு 1999 நவம்பரிலும், இரண்டாம் பதிப்பு 2007 சனவரியிலும், மூன்றாம் பதிப்பு 2017 சூனிலும் வெளிவந்தன. ஒரே மூல ஆவணத்திலிருந்து அச்சுப் பக்கம், வலைப்பக்கம், பட்டியல் பதிவு ஆகிய மூன்றையும் பெறமுடியும் என்பதே இதன் வலிமை. ஆயின் 'இருநூறு சொற்களுக்குள் அடங்கும் முழு வாக்கியங்களை மட்டும் தருக' என்னும் எளிய வேண்டுகோள் இம்மொழியில் எளிதாக நிறைவேறுவதில்லை. தமிழ்ப் பனுவலுக்கு வரும்போது அச்சிக்கல் இருமடங்காகிறது. அச்சிக்கலின் பாதி கணினி சார்ந்தது. மறுபாதி இலக்கணம் சார்ந்தது. இலக்கணம் சார்ந்த பாதியைத் தமிழ்த்துறைகளே தீர்க்கவேண்டும்.

2. வெட்டும் பொருள்மாற்றமும்

தமிழ் வாக்கியத்தில் எழுவாயும் செயப்படுபொருளும் அடைகளும் முன்னே வர, பயனிலை இறுதியில் நிற்பது இயல்பு. எதிர்மறை, ஐயம், பிறர் கூற்று என்னும் குறிப்பு ஆகியவையும் அவ்விறுதியிலேயே அமைகின்றன. இதன் விளைவைக் கீழ்வரும் எடுத்துக்காட்டு வாக்கியத்தில் காணலாம்.

'இந்நூல் சங்க காலத்தது என்னும் கருத்துக்குச் சான்று உண்டு என்று கூறுவது ஏற்புடையது அன்று.'

இவ்வாக்கியத்தில் பதினொரு சொற்கள் உள்ளன. மூன்றாம் சொல்லுக்குப் பின் வெட்டினால் 'இந்நூல் சங்க காலத்தது' என நிற்கும். ஏழாம் சொல்லுக்குப் பின் வெட்டினால் 'இந்நூல் சங்க காலத்தது என்னும் கருத்துக்குச் சான்று உண்டு' என நிற்கும். பத்தாம் சொல்லுக்குப் பின் வெட்டினால் அக்கூற்று 'ஏற்புடையது' என்றே முடியும். மூன்றும் இலக்கண முறைப்படி முழுமையான வாக்கியங்கள்; மூன்றும் ஆசிரியர் கருத்துக்கு நேர் எதிரானவை. பதினோராம் சொல்லாகிய 'அன்று' வரும்வரை ஆசிரியரின் கருத்து வெளிப்படவே இல்லை. வெட்டுண்ட இடத்தில் மூன்று புள்ளிகள் இடப்பெற்றாலும், முழுமைபெற்ற தோற்றமுடைய ஒரு கூற்று எதிர்மாறாக முடியவிருந்தது என்பதைப் படிப்பவர் ஊகிக்க வழியில்லை.

ஆங்கிலம் போன்ற மொழிகளில் வினையும் எதிர்மறையும் எழுவாயை அடுத்தே வந்துவிடுவதால், நடுவில் வெட்டுண்ட வாக்கியம் பெரும்பாலும் குறைபட்டதாகத் தோன்றுமேயன்றி எதிர்மாறாவது அரிது. சொல் எண்ணி வெட்டும் வழக்கம் அத்தகைய மொழிகளுக்குப் பெருந்தீங்கு செய்யாது. அதே வழக்கம் தமிழுக்கு அப்படியே பொருத்தப்படும்போது ஆய்வாளர் ஒருவர் மறுத்த கருத்தே அவர் பெயரால் தரவுத்தளத்தில் பதிவாகிவிடுகிறது. கட்டுரை முழுவதையும் தேடிப் படிக்க இயலாத முனைவர் பட்ட மாணவர் அப்பதிவையே மேற்கோளாக ஆளக்கூடும். ஆய்வறத்தைப் பேணவேண்டிய இதழ் ஒன்று இதனைச் சிறு தொழில்நுட்பக் குறை எனக் கருதி ஒதுக்குதல் பொருந்தாது.

எழுத்தெண்ணி வெட்டுதல் இதனினும் தீங்கானது. யூனிகோடு முறையில் 'தமிழ்' என்னும் சொல் ஐந்து குறியீட்டு அலகுகளால் ஆனது. தமிழ் இலக்கணப்படி அதில் உள்ளவை மூன்று எழுத்துகளே. எக்ஸ்எஸ்எல்டி பயன்படுத்தும் சரம் வெட்டும் செயற்கூறு குறியீட்டு அலகுகளையே எண்ணுகிறது. நான்கு அலகுகளோடு நிறுத்தினால் புள்ளி நீங்கித் 'தமிழ' என்றாகும். மெய், உயிர்மெய்யாகத் திரிந்துவிடும். எழுத்து, சொல், வாக்கியம் என்னும் மூன்று அலகுகளுள் வாக்கியம் ஒன்றே தமிழ்ச் சுருக்கத்தை வெட்டுவதற்குரிய அலகு என்பது இவற்றால் பெறப்படும்.

3. சொல் என்னும் அளவுகோல்

வெட்டும் அலகு வாக்கியமாயினும் வரம்பைச் சொற்களாலேயே குறிப்பது இதழ்களின் நடைமுறை. தமிழில் சொல்லை எண்ணுவது எளிதன்று. 'எழுதிக்கொண்டிருக்கிறார்' எனச் சேர்த்தெழுதினால் ஒரு சொல். 'எழுதிக் கொண்டிருக்கிறார்' எனின் இரண்டு. 'எழுதிக் கொண்டு இருக்கிறார்' எனின் மூன்று. பொருளில் வேறுபாடில்லை, எண்ணிக்கை மும்மடங்காகிறது. சேர்த்தெழுதும் பழக்கமுடையவர் இருநூறு சொற்களுக்குள் சொல்லிவிடும் செய்தியைப் பிரித்தெழுதும் பழக்கமுடையவர் சொல்ல முடியாமற்போகலாம்.

இலக்கணச் சொல்லைப் பொறி கொண்டு எண்ண முயல்வது இதற்குத் தீர்வாகாது. உருபனியல் பகுப்பாய்வு தேவைப்படும் அம்முறை, இதழுக்குக் கட்டுரை அனுப்பும் ஆசிரியர் தாமே சரிபார்க்கக்கூடியதன்று. வெற்றிடத்தால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு தொடர்ச்சியும் ஒரு சொல் என்னும் விதி இலக்கண நோக்கில் குறையுடையதேனும் எவரும் எண்ணிச் சரிபார்க்கத்தக்கது. வரம்பு என்பது நேர்மையாகப் பின்பற்றப்பட வேண்டுமெனின் அது வெளிப்படையாக இருத்தல் வேண்டும். ஆகவே வெற்றிட எண்ணிக்கையையே கொள்வதும், அதனை இதழின் நெறிமுறைகளில் அறிவிப்பதும் தகும்.

இவ்விதியைப் பின்பற்றும்போதும் சில நுட்பங்கள் கருதத்தக்கன. எக்ஸ்பாத் மொழியின் வெற்றிடச் சீராக்கம் இடைவெளி, தத்தல், வரிமுறிவு ஆகியவற்றையே வெற்றிடமாகக் கொள்ளும். சொற்செயலிகள் இடும் முறியா இடைவெளியை அது வெற்றிடமாகக் கருதாது. அத்தகைய இடைவெளியால் பிரிந்த இரு சொற்கள் ஒன்றாகவே எண்ணப்படும். இரண்டாம் பதிப்பில் சரத்தைச் சொற்களாகப் பிரிக்கும் செயற்கூறு, சரத்தின் தொடக்கத்தில் வெற்றிடம் இருப்பின் வெற்றுச் சொல் ஒன்றையும் சேர்த்துத் தரும். வெற்றிடத்துக்குப் பதிலாக, சொல்லெழுத்து அல்லாதவற்றைப் பிரிப்பானாகக் கொண்டாலோ வேறொரு இடர் நேர்கிறது. பழைய மின்னுரைகளில் காணப்படும், கண்ணுக்குத் தெரியாத, அகலமற்ற இணைப்புத் தடையெழுத்து சொல்லை நடுவில் பிளந்துவிடும். மூலத்தைக் குறியிடும்போதே இவ்வெழுத்துகளைச் சீர்செய்துவிட்டால் பின்னர் எண்ணுவது எளிதாகும்.

4. முற்றுப்புள்ளியை நம்பலாமா?

வாக்கியங்களைப் பிரிக்கப் பலரும் முதலில் எண்ணும் வழி, முற்றுப்புள்ளியையும் அதனை அடுத்த வெற்றிடத்தையும் எல்லையாகக் கொள்வது. 'உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.' என்னும் ஒரு வாக்கியத்தை அவ்விதி மூன்றாகப் பிரிக்கும். முதல் 'வாக்கியம்' உ, இரண்டாவது வே. மூன்றாம் பகுதி வரம்புக்குள் அடங்காதபோது சுருக்கம் 'உ. வே.' என்று முடிந்து நிற்கும். தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் தலைப்பெழுத்துகளும், 'தொல். சொல்.', 'புறம்.', 'கி. பி.', 'பக்.' போன்ற குறுக்கங்களும் மிகுதி என்பதால் இப்பிழை அரிதாக நேர்வதன்று.

ஓரெழுத்தின்பின் வரும் புள்ளியை எல்லையாகக் கொள்ளாதிருத்தல் என்னும் திருத்தம் அடுத்து முன்வைக்கப்படலாம். தமிழில் அதுவும் முழுமையாக உதவாது. நன்னூல் நாற்பத்திரண்டு ஓரெழுத்தொருமொழிகளைக் கூறுகிறது. 'அவள் சூடியது பூ.' என்பது முழு வாக்கியம்; அதன் இறுதியில் நிற்பது ஓரெழுத்தே. ஆங்கிலத்தில் புள்ளியை அடுத்துப் பெரிய எழுத்து வருகிறதா என நோக்கும் வழி ஒன்று உண்டு. யூனிகோடு அமைப்பு வகுத்துள்ள இயல்புநிலை வாக்கிய எல்லை விதிகளும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பெரிதும் சார்ந்துள்ளன. அவ்வேறுபாடு இல்லாத தமிழ் எழுத்துக்கு அவ்விதிகளின் துணை கிட்டுவதில்லை.

வினாக்குறியும் நம்பத்தக்கதன்று. 'இந்நூலை இயற்றியவர் யார்? என்னும் வினா இன்றும் விடை பெறவில்லை.' என்பதில் வினாக்குறி வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. குறியை அடுத்து 'என' என்று தொடங்கும் சொல் வந்தால் வாக்கியம் முடியவில்லை எனக் கொள்ளலாமா? 'சான்று ஏதும் கிடைக்கவில்லை. எனவே இக்கருத்து ஏற்கத்தக்கதன்று.' என்பதில் 'எனவே' புதிய வாக்கியத்தைத் தொடங்குகிறது. 'என்றாலும்' என்னும் சொல்லோ சில இடங்களில் முன் வாக்கியத்தைத் தொடர்கிறது. சில இடங்களில் புதியதைத் தொடங்குகிறது. சொல்லின் வடிவம் கொண்டு இவற்றை வேறுபடுத்த இயலாது. பொருள் கொண்டே இயலும்.

வினைமுற்றை அடையாளமாகக் கொள்ளலாமே என்னும் கருத்துக்கும் இடமுண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரம் முற்று, எச்சம் என்னும் பாகுபாட்டை விரிவாக ஆராய்கிறது. அதன் இறுதி இயலே எச்சவியல் எனப் பெயர் பெறுகிறது. முடிந்தது எது, முடிவை வேண்டி நிற்பது எது என்னும் வினா தமிழ் இலக்கண மரபுக்குப் புதியதன்று. எனினும் முன்னர்க் காட்டிய எடுத்துக்காட்டில் 'உண்டு' என்னும் முற்று 'என்று' என்பதனோடு சேர்ந்து பெரிய வாக்கியத்தின் உறுப்பாகிவிட்டது. 'அவர் ஆசிரியர்' போன்ற பெயர்ப்பயனிலை வாக்கியங்களில் வினைமுற்றே இல்லை. எனவே முற்று இருப்பதால் வாக்கியம் முடிந்தது என்றோ, முற்று இல்லாமையால் முடியவில்லை என்றோ பொறி முடிவுசெய்ய இயலாது.

5. எக்ஸ்எஸ்எல்டியின் இயல்பும் எல்லையும்

இங்குக் கருவியின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். எக்ஸ்எஸ்எல்டியில் ஒரு மாறிக்கு ஒருமுறை தந்த மதிப்பைப் பின்னர் மாற்ற இயலாது. 'ஒவ்வொரு சொல்லாக எண்ணிக்கொண்டே செல்க. வரம்பு வந்ததும் நிறுத்துக' எனப் பிற நிரல்மொழிகளில் எழுதுவதுபோல் இதில் எழுத முடியாது. முதற்பதிப்பில் இதற்கு ஒரே வழி, தன்னைத்தானே மீண்டும் அழைக்கும் வார்ப்புரு. ஒவ்வோர் அழைப்பிலும் எஞ்சிய பனுவலும் இதுவரை எண்ணிய தொகையும் அளபுருக்களாகக் கடத்தப்படும். அடுத்த வாக்கியத்தைச் சேர்த்தால் தொகை வரம்பை மீறுமெனின் அழைப்பு நின்றுவிடும்.

இரண்டாம் பதிப்பில் வடிவத்தேடல் வசதிகள் சேர்ந்தன. ஆயினும் அவ்வடிவத்தேடலில் முன்னோக்கிப் பார்க்கும் நிபந்தனையும் பின்னோக்கிப் பார்க்கும் நிபந்தனையும் இல்லை. 'புள்ளிக்கு முன் தலைப்பெழுத்து இல்லையெனின்' என்பது போன்ற விதிகளை நேரடியாக எழுத முடியாது. பிரிக்கும் செயற்கூறு எல்லைக்குறியைப் பிரிப்பானாகக் கொண்டு விழுங்கிவிடுவதால், வினாவாக்கியமும் செய்திவாக்கியமும் வேறுபாடின்றி நிற்கும் அபாயமும் உண்டு. பொருந்திய பகுதியையும் பொருந்தாத பகுதியையும் தனித்தனியே கையாளும் கட்டளையைப் பயன்படுத்தி இதனைத் தவிர்க்கலாம். மூன்றாம் பதிப்பில் ஒவ்வொன்றாக எடுத்துச் சென்று, வேண்டிய இடத்தில் நிறுத்தும் கட்டளை சேர்க்கப்பட்டுள்ளது.

இக்கட்டளைகள் அனைத்தும் எண்ணுவதை எளிதாக்குகின்றன. வாக்கிய எல்லையைக் கண்டறிவதை அவை எளிதாக்கவில்லை. இவ்விரு பணிகளையும் ஒரே நிரலில் கலப்பதே இன்று நேரும் பிழைகளுக்குக் காரணம்.

6. குறித்துவைத்தலே தீர்வு

மானுடவியல் பனுவல்களைக் குறியிடுவதற்கென 1987இல் தொடங்கப்பெற்ற டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ், வாக்கியத்துக்கென 'எஸ்' என்னும் உறுப்பை வகுத்துள்ளது. ஓர் எஸ் உறுப்புக்குள் மற்றோர் எஸ் உறுப்பு வருதல் கூடாது என்பது அதன் விதி. இவ்விதி தமிழுக்கு மிகவும் பொருந்துவது. 'யார்? என்னும் வினா' போன்ற இடங்களில் உள்ளடங்கிய வினா தனி வாக்கியமாகக் குறிக்கப்படாது. புறத்தே நிற்கும் முழு வாக்கியமே குறிக்கப்படும். பொருள் முடிவது எங்கே என்று அறிந்த பதிப்பாசிரியர் ஒருமுறை குறித்துவிட்டால், பின்னர் எத்தனை வரம்புகளுக்கும் அக்குறிப்பே போதும்.

குறித்தபின் எக்ஸ்எஸ்எல்டிக்கு எஞ்சுவது ஒரே நிபந்தனை: ஒரு வாக்கியமும் அதற்கு முன்னுள்ள வாக்கியங்களும் சேர்ந்து பெறும் சொற்களின் கூட்டுத்தொகை வரம்பை மீறாதாயின் அவ்வாக்கியத்தைக் கொள்க. இரண்டாம் பதிப்பு முதல் இதனை ஒரே கோவையாக எழுதிவிடலாம். வரம்பு ஐம்பது சொற்கள் எனவும், நான்கு வாக்கியங்கள் முறையே 18, 14, 21, 9 சொற்களைக் கொண்டன எனவும் கொள்வோமாயின், கூட்டுத்தொகை 18, 32, 53, 62 என வளரும். முதல் இரண்டு வாக்கியங்கள் கொள்ளப்படும். சுருக்கம் முப்பத்திரண்டு சொற்களில் நிற்கும். இங்கு ஒரு பிழைக்கு இடமுண்டு. கூட்டுத்தொகையை நோக்காமல் 'எஞ்சிய இடத்தில் அடங்குவதைச் சேர்க்க' என எழுதினால், மூன்றாம் வாக்கியம் தள்ளப்பட்டு நான்காவது சேர்ந்துவிடும். நாற்பத்தொரு சொற்கள் கிடைக்கும். ஆனால் வாதத்தின் நடுவில் ஒரு வாக்கியம் காணாமற்போனதைப் படிப்பவர் அறியார். இடம் மிஞ்சுவது குறையன்று. இடையில் விடுபடுவதே குறை.

முதல் வாக்கியமே வரம்பை மீறுமாயின் இந்நிபந்தனை எதையும் தராது. நீண்ட தொடர்களை விரும்பும் ஆய்வு நடையில் இது நிகழக்கூடியதே. அப்போது வரம்பை மீறியேனும் முதல் வாக்கியத்தை முழுமையாகத் தருவதே தக்கது. வரம்பு படிப்பவரின் வசதிக்காக ஏற்பட்டது. அதற்காகப் பொருளைச் சிதைத்தல் கூடாது.

முழு வாக்கியமும் சிலபோது தவறான பொருளைத் தரக்கூடும். பிறர் கருத்தை முதலில் எடுத்துரைத்துப் பின்னர் மறுப்பது தமிழ் உரைமரபின் நெறி. ஆய்வுக் கட்டுரைகளும் அதனைப் பின்பற்றுகின்றன. எடுத்துரைத்த வாக்கியத்தோடு சுருக்கம் நின்றுவிட்டால் மறுக்கப்பட்ட கருத்தே ஆசிரியர் கருத்தாகிவிடும். இதற்கு இரு காப்புகள் உள்ளன. வெட்டுக்குப் பின் நிற்கும் வாக்கியம் 'ஆனால்', 'எனினும்', 'ஆயினும்' என்று தொடங்குமாயின், வெட்டுக்கு முன்னுள்ள வாக்கியத்தையும் விட்டுவிடுமாறு நிரலில் ஒரு நிபந்தனை சேர்ப்பது முதலாவது. பிரிக்கலாகாத வாக்கியங்களை ஒரு தொகுதியாகப் பதிப்பாசிரியரே குறித்துவைப்பது இரண்டாவது. முன்னது சொல் வடிவத்தை நம்புவதால் துணைக்காப்பாக மட்டுமே கொள்ளத்தக்கது, பின்னதே உறுதியானது. இவற்றோடு, வெட்டுண்ட சுருக்கத்தின் இறுதியில் மேலும் உண்டு என்னும் குறிப்பும் இன்றியமையாதது. முழு வாக்கியத்தில் முடிவதாலேயே சுருக்கம் முழுமையானது என்னும் மயக்கம் எழக்கூடும் என்பதை மறத்தலாகாது.

7. செய்யுட்பகுதிகளின் நிலை

இதுவரை கூறியவை உரைநடைக்கு உரியன. செய்யுளுக்கு இவ்விதி பொருந்தாது. திருக்குறளின் 1330 குறள்களிலும் சீர்கள் ஏழேழாக அமைகின்றன. சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பில் வெற்றிடத்தை எண்ணினால் கிடைப்பது சீர்களின் எண்ணிக்கையே. சொற்பிரிப்புச் செய்த பதிப்பில் அதே குறள் வேறு எண்ணிக்கை பெறும். ஆகவே செய்யுளில் சொல் வரம்பு என்பதே பொருளற்றதாகிறது.

வாக்கிய எல்லையும் செய்யுளில் அடியெல்லையோடு ஒத்துச் செல்வதில்லை. நன்னூல் கூறும் எண்வகைப் பொருள்கோளுள் ஆற்றுநீர் தவிர்ந்த பலவும் சொற்கள் நின்ற வரிசைக்கு மாறாகப் பொருள் கொள்ள வேண்டுவன. கொண்டுகூட்டாக அமைந்த செய்யுளை நடுவில் வெட்டினால் கூட்டவேண்டிய சொல் வெட்டுக்கு அப்பால் நின்றுவிடும். 301 அடிகள் கொண்ட பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தை நெடுக வருணித்தபின், தலைவன் தன் நெஞ்சை நோக்கிக் கூறும் மொழி 218ஆம் அடியை அடுத்தே வெளிப்படுகிறது. முதல் நூறு அடிகளை மட்டும் கண்டவர் அதனை அகப்பாட்டு என்றே அறியமாட்டார். எனவே சுருக்கத்தில் இடம்பெறும் செய்யுள் மேற்கோளைப் பிரிக்கலாகாத ஓர் அலகாகக் குறிப்பதும், அது அடங்காதபோது முழுமையாக விட்டுவிடுவதும் வேண்டும்.

8. மறுப்புகளும் விடைகளும்

இம்முறைக்கு எழக்கூடிய முதல் மறுப்பு உழைப்பு மிகுதி என்பது. ஆனால் குறிக்கவேண்டியது கட்டுரை முழுவதையும் அன்று, சுருக்கத்தை மட்டுமே. இருநூறு சொற்கள் கொண்ட சுருக்கத்தில் பத்து அல்லது பன்னிரண்டு வாக்கியங்களே இருக்கும். மெய்ப்புத் திருத்துபவர் எவ்வாறாயினும் படித்தே ஆகவேண்டிய பகுதி அது. படிக்கும்போதே எல்லைகளைக் குறித்துச் செல்லலாம். பழைய இதழ்களைப் பொறுத்தவரை, விதிகளைக் கொண்டு பொறி எல்லைகளை முன்மொழிய, ஆய்வு மாணவர் ஒருவர் அவற்றைச் சரிபார்த்து ஏற்கும் முறை போதும். இங்கும் இறுதி முடிவு படித்தறிந்தவரிடமே இருக்கும்.

இரண்டாவது மறுப்பு, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சுருக்கத்தை மேலும் சுருக்கித் தரும்போது வெட்டுதல் எதற்கு என்பது. அக்கருவிகள் தருவது ஆசிரியர் எழுதாத வாக்கியங்கள். அவ்வாக்கியங்களுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினாவுக்கு விடையில்லை. முழு வாக்கியங்களாக வெட்டிய சுருக்கமோ குறைவாகக் கூறினும் ஆசிரியர் கூறியதையே கூறும். மேற்கோள் நேர்மையை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுலகில் இவ்வேறுபாடு சிறியதன்று.

மூன்றாவதாக, ஆசிரியரே ஐம்பது சொற்களில் ஒரு சுருக்கமும் இருநூறு சொற்களில் ஒரு சுருக்கமும் எழுதித் தரலாமே எனக் கூறலாம். அது மிகச் சிறந்த வழியே, பின்பற்றத்தக்கதே. ஆயினும் நாளை எந்தத் தளம் எந்த வரம்பை விதிக்கும் என்பதை ஆசிரியர் முன்னறிய முடியாது. அவர் எண்ணாத வரம்பு ஒன்று வரும்போது அவருடைய கருத்தைக் காப்பது குறித்துவைத்த வாக்கிய எல்லையே.

9. முடிவுரை

தமிழ்ச் சுருக்கத்தை வெட்டும்போது எழும் வினாக்கள் இரண்டு. எத்தனை சொற்கள் என்பது ஒன்று. எங்கே முடிகிறது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு எக்ஸ்எஸ்எல்டி பிழையின்றி விடை தரும். இரண்டாம் வினாவுக்கு எழுத்தின் வடிவமோ புள்ளியோ விடை தருவதில்லை. தமிழறிந்த ஒருவரின் படிப்பே விடை தருகிறது. அவ்விடையை ஒவ்வொரு முறையும் ஊகிக்குமாறு நிரலை ஏவுவதைவிட, ஒருமுறை அறிந்து ஆவணத்திலேயே பதிந்துவைத்தல் எளிது, பாதுகாப்பானதும் ஆகும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தம் இதழ்களை மின்வடிவில் வெளியிடும்போது குறியீட்டுப் பணியைக் கணினித் துறையினரிடம் முழுமையாக ஒப்படைத்துவிடும் போக்கு மாறவேண்டும். சுருக்கங்களில் வாக்கிய எல்லை குறித்தல், சொல் எண்ணும் விதியை அறிவித்தல், செய்யுளைப் பிரிக்கலாகாத அலகாகக் கொள்ளுதல், வெட்டுண்டதை வெளிப்படையாகக் காட்டுதல் ஆகிய நான்கையும் இதழ்கள் தம் பதிப்பு நெறிகளில் சேர்த்துக்கொள்வது விரும்பத்தக்கது. முதுகலை மாணவர்க்குக் கற்பிக்கப்படும் பதிப்பியல் பாடத்தில் இப்பயிற்சிக்குச் சில வகுப்புகள் ஒதுக்கினால், முற்றையும் எச்சத்தையும் இலக்கணப் பாடமாக மட்டும் பயின்ற மாணவர் அவ்வறிவின் இன்றைய பயனையும் உணர்வர்.